பான்ஹெலனிக் என்பதற்கு 'கிரேக்க ஒற்றுமை' சரியான சொல்தானா?

சொல்தேடி:

வணக்கம் நண்பர்களே. பண்டைய உலக வரலாறு பற்றிய ஒரு நூலைப் பள்ளி மாணவர்களுக்காகத் தமிழில் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். கிரேக்கப் பகுதிக்கு வந்தால் 'பான்ஹெலனிக்' என்ற சொல் பக்கத்துக்கு இரண்டு தடவை வருகிறது. பான்ஹெலனிக் விளையாட்டுகள், பான்ஹெலனிக் கோயில்கள், பான்ஹெலனிசம்... என்னிடம் உள்ள அகராதி 'கிரேக்க ஒற்றுமை சார்ந்த' என்கிறது. அதையே போட்டுக்கொண்டு வந்தேன். ஆனால் 'கிரேக்க ஒற்றுமை விளையாட்டுகள்' என்று எழுதியதும் மனசு இடறிவிட்டது. ஒலிம்பியாவில் ஓடியவன் ஒற்றுமைக்காகவா ஓடினான்? தன் ஊர் ஜெயிக்க வேண்டும் என்றுதானே ஓடினான்?

சொல் எங்கிருந்து வந்தது, அதற்குள் 'ஒற்றுமை' உண்மையிலேயே இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாற்பது இடங்களில் மாற்ற வேண்டியிருந்தாலும் மாற்றிவிடுகிறேன்.

வைகைக்கரை:

ஒற்றுமை என்பதில் தவறு இல்லை என்றே நினைக்கிறேன். பாரசீகர் படையெடுத்தபோது எல்லா நகரங்களும் சேர்ந்து நின்றன. அந்த உணர்வுக்குத்தான் இந்தப் பெயர். அகராதி சரி.

கோமதி:

வைகைக்கரை, கொஞ்சம் பொறுங்கள். சொல்லைப் பிரித்தே பார்த்துவிடலாம்.

முன்பாதி 'பான்'. கிரேக்கத்தில் 'எல்லாம், அனைத்தும்' என்று பொருள். மிகப் பழைய சொல். கிரீட் தீவின் க்னோசோஸில் கிடைத்த களிமண் பலகைகளில், ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய எழுத்தில், 'எல்லாத் தெய்வங்களுக்கும்' இவ்வளவு எண்ணெய் என்று கணக்கு எழுதியிருக்கிறார்கள். அந்த 'எல்லா'வும் இந்தப் 'பான்'னும் ஒரே வேர். பின்பாதி 'ஹெல்லேன்', கிரேக்கர் தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்ளும் பெயர். சேர்த்தால் 'பானெல்லேனெஸ்', எல்லாக் கிரேக்கர்களும். அவ்வளவுதான். 'ஒன்று' என்றோ 'சேர்' என்றோ பொருள்படும் எந்த உறுப்பும் இந்தச் சொல்லில் இல்லை.

இனி இது முதலில் வரும் இடங்களைப் பாருங்கள். ஹோமரின் காவியமான இலியாதின் இரண்டாம் காண்டத்தில் கப்பல்களின் பட்டியல் வருகிறதே, அங்கே லோக்ரிஸ் நாட்டு அயாஸைப் பற்றி, ஈட்டி எறிவதில் 'பானெல்லேனெஸையும் அக்கேயர்களையும்' விஞ்சியவன் என்று ஓர் அடி. அந்த அடி பின்னால் சேர்ந்தது என்று பழைய அலெக்சாந்திரிய உரைகாரர்களே சந்தேகப்பட்டிருக்கிறார்கள், ஆகவே அதை விட்டுவிடுவோம். அடுத்து கவிஞர் எசியோது, ஏறத்தாழ கி.மு. 700. குளிர்காலத்தைச் சொல்லும் இடத்தில், சூரியன் கறுத்த மக்களின் நாட்டுப் பக்கம் போய்விடுகிறது, பானெல்லேனெஸுக்கு மெதுவாகத்தான் ஒளி தருகிறது என்கிறார். இங்கே அது வெறும் நிலப்பரப்பு. இந்தப் பக்கத்தில் குளிரில் நடுங்கும் எல்லாரும் என்று பொருள்.

மூன்றாவதுதான் என் மனதுக்கு மிக நெருக்கமானது. கி.மு. 7ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அர்க்கிலோக்கஸ், தாசோஸ் தீவில் குடியேறியவர்களோடு போய் அல்லல்பட்டவர். அவர் பாட்டிலிருந்து பிழைத்த ஒற்றை அடி: எல்லாக் கிரேக்கர்களின் துயரமும் தாசோஸுக்கு ஓடிவந்து கூடிவிட்டது. பல ஊர்களிலிருந்து வாழ வழியில்லாமல் வந்தவர்கள் ஒரு தீவில் ஒன்றாகக் கிடந்த நிலை அது. இந்தச் சொல்லின் தொடக்கத்தில் கொடியும் இல்லை, கூட்டணியும் இல்லை. குளிரும் துயரமும்தான் இருந்தன.

சொல்தேடி:

கோமதி அக்கா, மிக்க நன்றி. அர்க்கிலோக்கஸ் அடியை அறிமுகக் குறிப்பில் சேர்க்கப்போகிறேன். ஒரு சந்தேகம். 'ஹெல்லேன்' என்பதே எல்லாக் கிரேக்கரையும் குறிக்கும் என்றால், முன்னால் 'எல்லா' எதற்கு?

யாழ்நங்கை:

நல்ல கேள்வி கேட்டீர்கள் தம்பி. அந்தக் காலத்தில் ஹெல்லேன் என்றால் எல்லாரும் அல்லர் என்பதுதான் பதில். கிரேக்க வரலாற்றாசிரியர் துசிதிதேஸ் தன் வரலாற்றின் தொடக்கத்திலேயே இதை எழுதுகிறார்: திரோயாப் போருக்கு முன் கிரேக்கத்துக்குப் பொதுப்பெயரே கிடையாது. ஹோமர் ஹெல்லேனெஸ் என்று சொல்வது அக்கில்லெஸுடன் பித்தியாவிலிருந்து, அதாவது தெற்குத் தெசாலியிலிருந்து, வந்த ஆட்களை மட்டும். மற்றவர்களை தனாவர், ஆர்கோஸ்காரர், அக்கேயர் என்றுதான் பாடுகிறார். ஒரு சின்ன மூலையின் பெயர் பரவிப் பரவிப் பிற்பாடு எல்லாருக்கும் ஆயிற்று. பரவிக்கொண்டிருந்த காலத்தில் 'எல்லா ஹெல்லேனெஸும்' என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இதில் எனக்குப் பெரும் வியப்பு என்னவென்றால், கிரேக்கருக்கு உலகம் வைத்த பெயர்கள் எல்லாமே இப்படித்தான். உரோமர் 'கிரேக்கி' என்றார்கள். வடமேற்குக் கிரேக்கத்தின் தொதோனாவைச் சுற்றி வாழ்ந்தவர்களை முன்பு 'கிராய்க்கோய்' என்றார்கள், இப்போது ஹெல்லேனெஸ் என்கிறார்கள் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அதுவும் ஒரு மூலை. கிழக்கே இருந்தவர்களுக்கு முதலில் கண்ணில் பட்டவர்கள் ஆசியக் கரையில் இருந்த அயோனியர். அவர்கள் தங்களைப் பழங்காலத்தில் 'இயாவோனெஸ்' என்றார்கள். பாரசீகர் அதை 'யௌனா' ஆக்கினார்கள். பாரசீக அரசன் தாரியஸின் பெகிஸ்தூன் கல்வெட்டிலேயே அது உண்டு. இந்தியாவுக்கு வந்து 'யவன' ஆயிற்று. நம் அகநானூற்றுப் புலவர் முசிறித் துறையில் பொன்னொடு வந்து கறியொடு போகும் மரக்கலத்தைப் பாடும்போது சொல்லும் 'யவனர்' அந்த ஒரு கிளையின் பெயர்தான். அந்தக் கலத்தில் வந்தவர்கள் அயோனியர்தானா என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு பகுதியின் பெயரை எடுத்து முழுமைக்கும் போர்த்துவது எளிது. 'பானெல்லேனெஸ்' மட்டும் வேறு மாதிரி. அது பகுதிகள் பல உண்டு என்று ஒத்துக்கொண்டு, எல்லாரையும் எண்ணிச் சொல்கிற சொல்.

வைகைக்கரை:

அழகாகச் சொன்னீர்கள் யாழ்நங்கை. ஆனாலும் பாரசீகப் போரை எப்படி ஒதுக்குவது? ஏதென்ஸ்காரர்கள் ஸ்பார்ட்டாத் தூதர்களிடம் சொன்னதை வரலாற்றாசிரியர் எரோதோத்தஸ் எழுதியிருக்கிறாரே: ஒரே இரத்தம், ஒரே மொழி, பொதுவான கோயில்கள், ஒத்த வழக்கங்கள், இவற்றை நாங்கள் காட்டிக்கொடுக்க மாட்டோம் என்று. ஒற்றுமைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

செங்கோடன்:

அந்தப் பகுதி எனக்கும் பிடிக்கும். ஆனால் அதே எரோதோத்தஸைத் தொடர்ந்து படியுங்கள். தீப்ஸ் பாரசீகர் பக்கம். தெசாலி பாரசீகர் பக்கம். ஆர்கோஸ் ஒதுங்கிக்கொண்டது. கி.மு. 479இல் பிளாத்தேயாவில் பாரசீகரை வென்ற பின் தெல்பிக் கோயிலுக்கு ஒரு வெண்கலத் தூணைக் காணிக்கையாக வைத்தார்கள், மூன்று பாம்புகள் பின்னிய வடிவில். இப்போது இஸ்தான்புல்லில் பழைய தேர்ப்பந்தயத் திடலில் தலை உடைந்து நிற்கிறது. அதில் போரிட்ட ஊர்களின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. மொத்தம் 31. கிரேக்க உலகத்தில் நகர அரசுகள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் 31! அந்தத் தூணின் தலைப்பில் 'எல்லாக் கிரேக்கரும்' என்று இல்லை, 'இவர்கள் போரிட்டார்கள்' என்றுதான் இருக்கிறது. நேர்மையான வாசகம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பிற்காலத்தில் பான்ஹெலனிசம் என்று நாம் அழைக்கும் கருத்து படையெடுப்புக்கான கருத்து. ஏதென்ஸ் பேச்சுக்கலை ஆசிரியர் ஐசோக்ரதேஸ் கி.மு. 380 வாக்கில் 'பனேகிரிக்கஸ்' எழுதினார். உள்ளூர்ச் சண்டையை நிறுத்துங்கள் என்றார், சரி. ஏன் நிறுத்த வேண்டும்? எல்லாரும் சேர்ந்து ஆசியாவுக்குப் போய்ப் பாரசீகத்தைப் பிடிக்க. ஏழ்மையை அங்கே போய்த் தீர்த்துக்கொள்ள. யாரும் கேட்கவில்லை. கி.மு. 346இல் மக்கெதோனிய அரசன் பிலிப்புக்கே நேராக எழுதினார், நீ தலைமை ஏற்று நடத்து என்று. எட்டு வருடத்தில் பிலிப் கைரோனியாவில் ஏதென்ஸையும் தீப்ஸையும் தோற்கடித்து, கொரிந்தில் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தினான். தோற்றவர்களைச் சேர்த்துக் கட்டிய கூட்டமைப்பு. ஸ்பார்ட்டா அதில் சேரவில்லை. மாணவர்களுக்கு இதைக் 'கிரேக்க ஒற்றுமை' என்று சொல்லிக்கொடுத்தால் நாம் பிலிப்பின் வாசகத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

சொல்தேடி:

செங்கோடன், 'பான்ஹெலனிசம்' என்ற சொல்லே ஐசோக்ரதேஸ் காலத்ததா?

செங்கோடன்:

இல்லை. அது நம் காலத்து ஆய்வாளர்கள் வைத்த பெயர். 19ஆம் நூற்றாண்டில் பான்-ஸ்லாவிசம் போன்ற 'பான்' இயக்கங்கள் எழுந்தன, 'இசம்' போட்ட இந்தச் சொல்லும் அந்தக் காலத்துச் சரக்குதான். பழங்காலத்தவர்களிடம் 'பானெல்லேனெஸ்' உண்டு, 'பானெல்லேனியோஸ்' என்ற அடைமொழி உண்டு. ஏகினா தீவின் மலையில் இருந்த தலைமைத் தெய்வம் சேயுஸுக்கு அந்தப் பெயர். கி.பி. 131-132இல் உரோமப் பேரரசர் ஹேட்ரியன் ஏதென்ஸை மையமாக வைத்து 'பானெல்லேனியன்' என்ற நகரங்களின் சங்கம் தொடங்கினார். அதில் சேர விரும்பும் ஊர் தன் கிரேக்க வம்சாவளியை எடுத்துக்காட்ட வேண்டும். கிரேக்கர் சுயமாக ஆண்ட காலத்தில் அமையாத 'எல்லாக் கிரேக்கர்' சங்கம், உரோமன் ஆட்சியில் அமைந்தது.

மல்லிகா_கோவை:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகள் அமெரிக்காவில் முதலாண்டு படிக்கிறாள். அவள் கல்லூரியில் 'பான்ஹெலனிக் கவுன்சில்' என்று ஒன்று இருக்கிறதாம், சேரச் சொல்லி அழைப்பு வந்ததாம். கிரேக்க நாட்டுப் பிள்ளைகளின் சங்கம் போல என்று நினைத்து, நமக்கு எதற்கு என்று சொல்லிவிட்டேன். அதுவும் இதே சொல்தானா?

கோமதி:

அதே சொல்தான் மல்லிகா, ஆனால் கிரேக்க நாட்டோடு தொடர்பு இல்லை. அங்கே மாணவர் சங்கங்களுக்குக் கிரேக்க எழுத்துகளால் பெயர் வைக்கும் வழக்கம் உண்டு. 1776இல் தொடங்கிய பை பீட்டா கப்பா முதல் அப்படித்தான். அதனால் அந்தச் சங்கங்களில் இருப்பவர்களையே 'கிரேக்கர்' என்பார்கள். மாணவியர் சங்கங்கள் பல சேர்ந்து 1902இல் தேசிய அளவில் ஒரு பொது அமைப்பு வைத்தன, பான்ஹெலனிக் என்ற பெயர் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. இன்று அதில் 26 சங்கங்கள். கறுப்பின மாணவ மாணவியர் சங்கங்களுக்குத் தனியாக 1930இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு பான்ஹெலனிக் கவுன்சில் தொடங்கியது, அதில் ஒன்பது சங்கங்கள்.

மகளிடம் பேசுங்கள். எந்த நாட்டுப் பெண்ணும் சேரலாம். கட்டணம் எவ்வளவு, எவ்வளவு நேரம் போகும் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம் கேள்விக்கும் இது உதவுகிறது. அங்கேயும் ஒவ்வொரு சங்கத்துக்கும் தனிப் பெயர், தனி வீடு, தனிச் சடங்கு. எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான அமைப்பு என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

வைகைக்கரை:

சரி, 'பான்' என்றால் 'எல்லா' என்பதை ஒப்புக்கொள்கிறேன். விளையாட்டுகளையும் கோயில்களையும் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே. போர் நிறுத்தம் அறிவித்துத்தானே ஒலிம்பிக் நடந்தது? அது ஒற்றுமை இல்லையா?

கோமதி:

இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் சொல்லின் உயிர் இருக்கிறது.

நான்கு பெரிய விழாக்கள்: ஒலிம்பியா, தெல்பி, இஸ்துமியா, நெமேயா. முதல் இரண்டும் நான்கு ஆண்டுக்கு ஒரு தடவை, மற்ற இரண்டும் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை. பரிசு இலைக் கிரீடம் மட்டும். ஒலிம்பியாவில் கிரேக்கன் மட்டுமே போட்டியிடலாம். மக்கெதோனியாவின் முதலாம் அலெக்சாந்தர் ஓட வந்தபோது, இவன் கிரேக்கன் இல்லை என்று மற்றவர்கள் தடுத்தார்கள். தன் குலம் ஆர்கோஸிலிருந்து வந்தது என்று நடுவர்களிடம் நிறுவிய பிறகுதான் ஓட விட்டார்கள். அந்த நடுவர்களுக்குப் பெயரே 'ஹெல்லானோதிக்காய்', ஹெல்லேனெஸின் நடுவர்கள். யார் 'எல்லாரில்' ஒருவர் என்பதை நடைமுறையில் தீர்மானித்த இடம் அந்த மைதானம்.

போர் நிறுத்தம் என்று நாம் சொல்வது உண்மையில் வழிப்பாதுகாப்பு. விழாவுக்கு வருகிறவனையும் திரும்பிப் போகிறவனையும் தொடக்கூடாது, ஒலிம்பியா மண்ணுக்குள் படை வரக்கூடாது. மற்றபடி ஊர்கள் தங்கள் சண்டையைத் தொடர்ந்தன. கி.மு. 420இல் ஸ்பார்ட்டா அந்தத் தடையை மீறியது என்று அபராதம் விதித்தார்கள், கட்டவில்லை, விழாவிலிருந்தே விலக்கிவிட்டார்கள்.

தெல்பி இன்னும் கூர்மையான சான்று. கோயிலுக்கு ஏறும் பாதை முழுக்க ஊர்கள் நிறுத்திய வெற்றிச் சின்னங்கள். பாரசீகரை வென்றதற்கு மட்டுமா? கிரேக்கனைக் கிரேக்கன் வென்றதற்கும்தான். ஏதென்ஸை வென்ற ஸ்பார்ட்டா சிலைவரிசை வைத்தது. பின்னால் ஸ்பார்ட்டாவை வென்றவர்கள் தங்கள் சின்னத்தை வைத்தார்கள். கிரேக்கர் ஒருவரை ஒருவர் கொன்று கிடைத்த பொருளால் இந்தக் கோயில் நிறைந்திருப்பது காண வேதனை என்று புளூட்டார்க் ஒரு பாத்திரத்தைப் பேச வைக்கிறார். அவர் தெல்பியிலேயே பூசாரியாக இருந்தவர்.

ஆக, அது எல்லாக் கிரேக்கருக்கும் பொதுவான கோயில். அதே வேளை ஒற்றுமை இல்லாததைப் பறைசாற்றும் கோயிலும் கூட. 'கிரேக்க ஒற்றுமைக் கோயில்' என்று எழுதினால் அந்தப் பாதையில் நின்ற பாதிச் சிலைகளுக்கு விளக்கம் இல்லாமல் போகும்.

ஐசோக்ரதேஸின் தலைப்பையும் இங்கே பொருத்திப் பாருங்கள். 'பனேகிரிஸ்' என்பதிலும் அதே 'பான்'. எல்லாரும் கூடும் கூட்டம், திருவிழா. இன்றும் கிரேக்கக் கிராமத்துத் திருவிழாவுக்கு 'பனிகிரி' என்றுதான் பெயர். திருவிழாவுக்கு எல்லாரும் வருவார்கள், பங்காளிச் சண்டை உள்ளவர்களும் வருவார்கள்.

வைகைக்கரை:

ஏற்கிறேன். என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். அப்படியென்றால் கிரேக்கரிடம் ஒற்றுமைக்கு என்று ஒரு சொல் இருந்திருக்க வேண்டுமே?

யாழ்நங்கை:

இருந்தது. 'ஹோமோனோயா'. 'ஹோமோ' ஒரே, 'நூஸ்' மனம். ஒருமனம். 'ஒருமனதாக' என்று நாம் எழுதுகிறோமே, கிட்டத்தட்ட அதே கட்டமைப்பு. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சொல் பரவியபோது ஒரே ஊருக்குள் கட்சி பிரிந்து வெட்டிக்கொள்ளாமல் இருப்பதைத்தான் குறித்தது. ஒலிம்பியாவில் பேசிய சொற்பொழிவாளர் கோர்கியாஸ் அதைக் கிரேக்கர் எல்லாருக்கும் விரித்தார்.

பிளாத்தேயாவில் கிடைத்த ஒரு கல்வெட்டு, கி.மு. 3ஆம் நூற்றாண்டினது. கிளௌகோன் என்ற ஏதென்ஸ்காரரைச் சிறப்பிக்கும் தீர்மானம். பாரசீகரோடு போரிட்ட அந்த இடத்தில் விடுதலை தரும் சேயுஸுக்கும் 'ஹெல்லேனெஸின் ஹோமோனோயா'வுக்கும் வழிபாடு நடந்ததாகச் சொல்கிறது. கிரேக்கரின் ஒருமனம் என்பதைத் தெய்வமாக வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்! எங்கள் பக்கத்தில் பெரியவர்கள், இல்லாததைத்தான் கும்பிட்டுக் கேட்பார்கள் என்பார்கள். 'கிரேக்க ஒற்றுமை' என்ற தொடரை அந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் சொல்தேடி. வேறெங்கும் செலவழிக்காதீர்கள்.

தீவுக்காற்று:

நான் சைப்ரஸில், நிகோசியாவில் வேலை பார்க்கிறேன். இந்த இழையை நேற்று இரவு முழுக்கப் படித்தேன். மூன்றாவது ஒரு சொல் விடுபட்டிருக்கிறது: 'எனோசிஸ்'. 'ஒன்று' என்ற எண்ணிலிருந்து வந்தது. ஒன்றாதல், இணைதல். 19ஆம் நூற்றாண்டிலிருந்து இதற்குக் கிரேக்க அரசோடு இணைவது என்ற தனிப்பொருள். அயோனியத் தீவுகள் 1864இல் இணைந்தன. 'எனோசிஸ் அல்லது மரணம்' என்று போராடிய கிரீட் 1913இல் இணைந்தது.

சைப்ரஸ் இணையவில்லை. 1950 ஜனவரியில் திருச்சபை நடத்திய வாக்கெடுப்பில் கிரேக்க சைப்ரஸ் மக்களில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ எல்லாரும் எனோசிஸ் வேண்டும் என்றார்கள். தீவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்த துருக்கியரிடம் வேறு சொல் இருந்தது: 'தக்சிம்', பிரிவினை. 1955இல் ஆயுதப் போராட்டம். 1960இல் விடுதலை, எனோசிஸும் கூடாது தக்சிமும் கூடாது என்ற நிபந்தனையோடு. 1974 ஜூலை 15இல் ஏதென்ஸின் இராணுவ ஆட்சி இங்கே கவிழ்ப்பு நடத்தியது, 20ஆம் தேதி துருக்கியப் படை இறங்கியது. நான் தினமும் வேலைக்குப் போகும் தெரு, நகரை இரண்டாக வெட்டும் கோட்டில் போய் முடிகிறது. மணல் மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லாத வீடுகள். வீடு இழந்தவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள், இரு பக்கத்தாரோடும் தேநீர் குடித்திருக்கிறேன். அதனால் 'எல்லாரும்', 'ஒருமனம்', 'ஒன்றாதல்' மூன்றையும் ஒரே தமிழ்ச் சொல்லுக்குள் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சொல் அளவில் எனோசிஸ் மேல் கோபம் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கிரேக்கத்தில் அதே சொல்தான். 1924இல் இஸ்தான்புல்லிலிருந்து வந்த அகதிகள் ஏதென்ஸில் தொடங்கிய 'ஏ.ஈ.கே.' கால்பந்துக் கழகத்தின் பெயரில் உள்ள 'ஈ'யும் அந்த எனோசிஸ்தான்.

கோமதி:

தீவுக்காற்று, நேரில் வாழ்கிறவர் சொல்லும்போது கனமே வேறு. இன்று பேச்சு வழக்கில் 'பானெல்லேனியோஸ்' எப்படிப் புழங்குகிறது?

தீவுக்காற்று:

சாதாரணமாக. கிரேக்கத்தில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு 'பனெல்லினியேஸ்' என்று பெயர். வெயில் தொடங்கும் மாதத்தில் பிள்ளையுள்ள வீடுகளில் எல்லாம் அதே பேச்சு. நாடு முழுவதற்குமான தேர்வு, அவ்வளவுதான் பொருள்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. இடைக்காலத்தில் 'ஹெல்லேன்' என்றால் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவன் என்று பொருள் மாறிவிட்டது. கிறித்தவரான கிரேக்கர் தங்களை 'ரோமியோய்', உரோமர் என்றே சொல்லிக்கொண்டார்கள். 1912இல் கிரேக்கப் படை லெம்னோஸ் தீவில் இறங்கியபோது சிறுவர்கள் வேடிக்கை பார்க்க ஓடினார்களாம். என்ன பார்க்கிறீர்கள் என்று ஒரு சிப்பாய் கேட்க, ஹெல்லேனெஸைப் பார்க்கிறோம் என்றார்கள். நீங்களே ஹெல்லேனெஸ் இல்லையா என்றதற்கு, இல்லை, நாங்கள் உரோமர் என்றார்கள். அந்தத் தீவில் பிறந்த வரலாற்றாசிரியர் பீட்டர் கரானிஸ் சொன்னது இது.

சொல்தேடி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இப்படி முடிவு செய்திருக்கிறேன்: பான்ஹெலனிக் என்பதற்கு 'அனைத்து கிரேக்க'. விளையாட்டுகள், கோயில்கள் எல்லாவற்றுக்கும் அதுவே. பான்ஹெலனிசத்துக்கு 'அனைத்து கிரேக்கக் கொள்கை', அது பிற்காலத்துப் பெயர் என்ற குறிப்போடு. ஹோமோனோயாவுக்கு 'ஒருமனம்'. எனோசிஸுக்கு 'இணைவு'. அகில என்று போடலாமா என்றும் யோசித்தேன், மாணவர்களுக்கு 'அனைத்து' எளிது.

கோமதி:

நன்றாக இருக்கிறது. 'அனைத்துக் கிரேக்க' என்று ஒற்று மிகும், நாற்பது இடத்திலும் 'க்' போட்டுவிடுங்கள்.

சொல்தேடி:

போட்டுவிட்டேன் அக்கா. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று இடம்.